யெல்லோநைஃப்: அரோராவுக்குப் போகிறவர்கள் தூங்கிக் கழிக்கும் பகல்

அரோரா என்ற வட துருவ ஒளியைப் பார்க்க வட கனடாவின் யெல்லோநைஃபுக்குப் போகிறவர்களின் பயணத் திட்டம் அநேகமாக ஒரே அச்சில் வார்த்ததாகத்தான் இருக்கும். மூன்று இரவு, நான்கு பகல். இரவு ஒன்பது பத்து மணிக்கு ஹோட்டல் வாசலுக்கு வேன் வரும். ஊர் வெளிச்சத்தைத் தாண்டி ஏதாவதொரு ஏரிக்கரையில் இறக்கிவிடும். அதிகாலை இரண்டு மணிக்கு மேல் திரும்பி வந்து, கம்பளிக்குள் புகுந்து, மதியம் வரை தூக்கம். டிசம்பரில் அங்கே சூரியன் காலை பத்து மணிக்கு மேல் எழுந்து, பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் போய்விடும். ஆகவே மதியம் எழுந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் பகலும் முடிந்துவிடும். இப்படி வந்து போகிறவர்களுக்கு ஊர் என்பது வேனின் சன்னல் வழியே தெரிந்த தெருவிளக்குகள் மட்டும்தான்.

இதில் எரிச்சலூட்டுவது தூக்கம் அல்ல, ஹோட்டலில் தரும் கைப்பிரதி. ‘ஹோட்டலுக்கு அருகில் பார்க்க வேண்டியவை’ என்று அருங்காட்சியகம், சட்டமன்றம், பைலட் நினைவுச்சின்னம், படகு வீடுகள், பனிச்சாலை எனப் பத்துப் பெயர்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கிலோமீட்டர் கணக்கையும் கொடுத்திருப்பார்கள். அவை ஏன் அங்கே இருக்கின்றன, எது எதனால் வந்தது என்பதற்கு அதில் ஒரு வரி இருக்காது. இந்த ஊர் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தின் தலைநகரானது 1967இல். அதற்கு முன்பே முப்பது ஆண்டுகளாக அது தங்கச் சுரங்க ஊர். 1938இல் கான் சுரங்கத்தில் முதல் தங்கக் கட்டி வார்க்கப்பட்டது, 1948இல் ஜயன்ட் சுரங்கத்தில். கான் 2003இலும் ஜயன்ட் 2004இலும் மூடப்பட்டன. அந்த இரண்டு சுரங்கங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் கைப்பிரதியின் பத்துப் பெயர்களும் ஒரே கதையாகச் சேர்ந்துவிடும். அதில் அச்சாகாத பதினோராவது பெயர்தான் ஊரிலேயே முக்கியமான இடம் என்பது என் கட்சி. அங்கே போவதற்கு முன் பக்கத்தில் இருப்பவற்றைப் பார்த்துவிடலாம்.

ஃப்ரேம் ஏரியைச் சுற்றி

டவுன்டவுன் ஹோட்டல்கள் பலவற்றிலிருந்தும் ஃப்ரேம் ஏரிக்கு நடந்தே போகலாம். ஏரியைச் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். நகராட்சி அலுவலகமும் அருங்காட்சியகமும் சட்டமன்றமும் இருக்கும் பக்கம் தார் போட்டது, நடக்க எளிது. எதிர்ப்பக்கம் வெறும் பாறை. பனி மூடியிருக்கும்போது பாதை எது, வழுக்கல் எது என்று தெரியாது. முழுச்சுற்றுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். பனிக்காலத்தில் ஷூவிலோ பூட்ஸிலோ மாட்டிக்கொள்ளும் முள்பட்டைகள் இல்லாமல் பாறைப் பக்கம் போவது வீண் வம்பு. மைனஸ் முப்பதில் நடக்கிறவர்கள் தார் போட்ட பக்கத்தில் மட்டும் போய், அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் உடம்பைச் சூடாக்கி, அதே வழியில் திரும்புவது நல்லது.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் வடக்குப் பாரம்பரிய மையம் 1979இல் திறக்கப்பட்டது, அனுமதி இலவசம். பாடம் செய்த விலங்குகளின் காட்சிப் பெட்டிகள் முன்தான் கூட்டம் நிற்கும். அங்கே நின்று பார்க்க வேண்டியவை கடமான் தோல் படகும், கூரையிலிருந்து தொங்கும் ஃபாக்ஸ் மாத் விமானமும். இந்தப் பகுதியின் பழங்குடிகளான மலை டெனே மக்கள் குளிர்காலம் முழுக்க மலையில் வேட்டையாடி, அந்தக் கடமான்களின் தோல்களையே தைத்துப் படகாக்கி, வசந்தத்தில் பெருகும் ஆற்றில் குடும்பத்தோடு இறைச்சியையும் ஏற்றிக்கொண்டு இறங்கிவருவார்கள். ஊர் வந்ததும் படகைப் பிரித்தால் மறுபடியும் தோல். சாலையே இல்லாத நாட்டில் போக்குவரத்துக்கு ஒரு விடை அந்தப் படகு, மற்றொரு விடை அந்த விமானம். தங்கம் தேடி வந்தவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பக்கத்திலேயே 1993இல் கட்டிய சட்டமன்றம். இங்கே கட்சிகள் கிடையாது. பத்தொன்பது உறுப்பினர்களும் சுயேச்சையாக நின்று ஜெயித்து, தங்களுக்குள்ளேயே முதல்வரையும் அமைச்சர்களையும் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். வட்டமான அவை, பதினொரு ஆட்சி மொழிகள். செங்கோலுக்குள் முப்பத்துமூன்று ஊர்களிலிருந்து கொண்டுவந்த கூழாங்கற்கள் இருக்கின்றன. அதை அசைத்தால் சலசலக்கும். உச்சியில் உள்ளூர் வைரம் ஒன்று. 1991இல் லாக் த கிரா ஏரிப் பக்கம் வைரம் கண்டுபிடிக்கப்பட்டு, 1998இல் எகாட்டி சுரங்கமும் 2003இல் டயாவிக்கும் திறந்தன. தங்கம் ஓய்ந்த நேரத்தில் ஊரைத் தாங்கிப் பிடித்தது அந்த வைரம்தான். இப்போது அந்தச் சுரங்கங்களின் காலமும் முடிந்துவருகிறது.

ஃப்ரேம் ஏரி பார்க்க அழகு. கோடையில் வரும் குழந்தைகள் இறங்கத் துடிப்பார்கள். பிரதேச அரசின் சுகாதார அறிவுரை அதில் குளிக்காதே, மீன் பிடிக்காதே, கரையில் பழமோ காளானோ பறிக்காதே என்கிறது. தலைநகரின் நடுவே, சட்டமன்றத்தின் வாசலில் இருக்கும் ஏரிக்கு ஏன் இப்படி ஒரு எச்சரிக்கை? அந்தக் கேள்வியை ஹோட்டல் வரவேற்பறையில் கேட்டால், விவரம் தெரிந்தவர் வடக்கே கை காட்டுவார்.

ஜயன்ட்

டவுன்டவுனிலிருந்து இங்ரஹாம் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போனால் ஜயன்ட் சுரங்கத்தின் பழைய குடியிருப்பு. படகு இறக்கும் துறையை ஒட்டி, சுரங்க மரபைப் பாதுகாக்கும் உள்ளூர்க் குழு சேர்த்துவைத்த பழைய இயந்திரங்கள் திறந்தவெளியில் நிற்கின்றன. அவற்றைப் பார்க்கலாம். அதற்கு அப்பால் வேலி. உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. பார்வைக்கு அதிகம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனாலும் இந்த வேலியோரம் கால் மணி நேரம் நிற்காமல் யெல்லோநைஃபைப் பார்த்துவிட்டேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இங்கே கிடைத்த தங்கம் பாறையில் தனியாக மின்னிக்கொண்டிருக்கவில்லை. ஆர்செனிக்கும் கந்தகமும் இரும்பும் சேர்ந்த ஆர்செனோபைரைட் என்ற தாதுவுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சிக்கியிருந்தது. அப்படியே சயனைடில் கரைக்கப் பார்த்தால் தங்கம் வெளியே வராது. அதனால் தாதுவை நசுக்கி, சூளையில் வறுத்தார்கள். வறுக்கும்போது கந்தகம் வாயுவாகும், ஆர்செனிக்கும் ஆவியாகும். அந்த ஆவி குளிர்ந்தால் ஆர்செனிக் ட்ரையாக்சைடு: மைதா மாதிரி வெள்ளைத் தூள், மணமில்லை, நீரில் கரையும். ஒரு மனிதனைக் கொல்ல ஒரு கிராம் தேவையில்லை.

முதல் ஆண்டுகளில் அந்தப் புகையை அப்படியே வானத்தில் விட்டார்கள். நாளொன்றுக்கு ஏழு டன்னுக்கும் மேல் ஆர்செனிக் தூள் சுற்றியிருந்த ஏரிகள் மேலும் பனி மேலும் விழுந்தது. டெனே மக்களுக்குப் பனி குடிநீர், உருக்கிக் குடிப்பார்கள். 1951இல் ஒரு டெனே குழந்தை அதனால் இறந்தது. அதன் பிறகுதான் புகைபோக்கியில் தூளைப் பிடிக்கும் கருவிகளை வைத்தார்கள். பிடித்த தூளை என்ன செய்வது? தங்கம் எடுத்துக் காலியான நிலத்தடி அறைகளுக்குள் ஊதி நிரப்பினார்கள். அன்றைய கணக்கு இது: இங்கே நிலம் நிரந்தரமாக உறைந்த நிலம், சுரங்கம் தோண்டியதால் கொஞ்சம் இளகியிருக்கிறது, அறையை அடைத்துவிட்டால் மறுபடியும் உறைந்து தூளைப் பூட்டிக்கொள்ளும். நிலம் அப்படி உறையவில்லை. அரை நூற்றாண்டில் ஜயன்ட் எடுத்த தங்கம் ஏறக்குறைய எழுபது லட்சம் அவுன்ஸ், அதாவது சுமார் 220 டன். அறைகளில் கிடக்கும் தூள் 2,37,000 டன். ஒரு கிலோ தங்கத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் நஞ்சு.

நடுவில் இன்னொரு சம்பவமும் உண்டு. 1992இல் தொழிலாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் மூண்ட சண்டையில், வேலைநிறுத்தத்தின்போது செப்டம்பர் 18 அன்று சுரங்கத்துக்குள் குண்டு வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளி ஒருவர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அப்போதைய ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அந்தப் பேச்சைப் பயணி தானாகத் தொடங்காமல் இருப்பது நல்லது. சுரங்கத்தை நடத்திய நிறுவனம் 1999இல் திவாலானதும் தூள் முழுவதும் கூட்டரசின் தலையில் விழுந்தது.

இப்போது நடக்கும் பரிகாரம் பொறியியல் ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்க வேண்டியது. தூளை வெளியே எடுப்பது அதைவிட ஆபத்து என்று முடிவானதால், அறைகளைச் சுற்றியுள்ள பாறையைச் செயற்கையாக உறையவைக்கிறார்கள். கருவி தெர்மோசைஃபன். மூடிய நீளமான குழாய், உள்ளே அழுத்தத்தில் திரவமாகிய கரியமில வாயு. அடியில் பாறையின் வெப்பத்தை வாங்கித் திரவம் ஆவியாகும். ஆவி மேலே வந்து, தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளில் மைனஸ் முப்பது காற்று பட்டுக் குளிர்ந்து, திரவமாகிக் கீழே வடியும். மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், குளிர்காலமே வேலையைச் செய்யும். கோடையில் தானாக நின்றுவிடும், ஏனென்றால் மேலே வெப்பம் அதிகமானால் ஆவி குளிர்ந்து இறங்காது. உறைந்த பிறகும் வேலை ஓயாது: சுரங்கத்துக்குள் ஊறும் நீரைக் காலாகாலத்துக்கும் இறைத்துச் சுத்திகரிக்க வேண்டும். 2022இல் திருத்திய மதிப்பீடு 438 கோடி கனடிய டாலர். பருவநிலை சூடேறிக்கொண்டிருக்கும்போது குளிர்காலத்தை நம்பி ஒரு பூட்டு என்பது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் அந்தத் தூளை லாரியில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோவதைவிட இது மேல்.

ஹோட்டல் குழாயில் வரும் தண்ணீரும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். ஊர் கிரேட் ஸ்லேவ் ஏரியின் கரையில் இருந்தும், குடிநீரை ஏரியின் விரிகுடாவிலிருந்து எடுப்பதில்லை. 1960களின் இறுதியிலிருந்து யெல்லோநைஃப் ஆற்றிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர் நீளக் குழாயை நீரடியில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பாட்டில் தண்ணீர் வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை.

பழைய ஊரும் உறைந்த விரிகுடாவும்

டவுன்டவுனிலிருந்து ஃபிராங்க்ளின் அவென்யூவில் இறங்கி நடந்தால் அரை மணி நேரத்துக்குள் பழைய ஊர். முதலில் ஊர் இருந்தது இங்கேதான். பாறை முனையில் இடம் போதாமல்தான் மேட்டில் புதிய ஊரைப் போட்டார்கள். பாறையில் குழாய் புதைக்க முடியாததால் இங்கே பல வீடுகளுக்கு இன்றும் லாரியில்தான் தண்ணீர், கழிவும் லாரியில்தான். மரப்படிகளில் ஏறினால், சாலையில்லாத காட்டுக்குள் சிறு விமானம் ஓட்டிய ‘காட்டு விமானி’களின் நினைவுச்சின்னம்; பனிக்காலத்தில் படிகளில் பனி இறுகியிருக்கும், கைப்பிடியை விடக்கூடாது. மேலே நின்றால் விரிகுடாவும் படகு வீடுகளும் டெனே மக்களின் என்டிலோ கிராமமும் தெரியும். ஊரின் அடையாளமாக ஒருகாலத்தில் எங்கிருந்தும் தெரிந்த கான் சுரங்கத்தின் ராபர்ட்சன் கோபுரம் மட்டும் தெரியாது. 76 மீட்டர், பிரதேசத்திலேயே உயரமான கட்டடமாக இருந்தது. 2016 அக்டோபரில் வெடிவைத்துச் சாய்த்துவிட்டார்கள். பராமரிக்கப் பணமில்லை என்பது காரணம். நினைவுச்சின்னம் எழுப்பும் ஊர், நினைவுச்சின்னமாகவே நின்றதை இடிக்க விட்டது எனக்கு ஒப்பவில்லை.

கீழே 1937இல் திறந்த மரக்குடில் உணவகம் வைல்ட்கேட் இருக்கிறது. அது கோடையில்தான் இயங்கும். ஜனவரியில் கதவைத் தட்டி ஏமாறாதீர்கள். படகு வீடுகளுக்குப் பனிக்காலத்தில் பனிக்கட்டி மேல் நடந்தே போகலாம், ஆனால் அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். சன்னலில் எட்டிப் பார்த்துப் படம் எடுப்பது அங்கேயும் அநாகரிகம்தான். மார்ச்சில் இதே விரிகுடாவின் மேல் ‘ஸ்னோகிங்’ பனிக்கோட்டை கட்டித் திருவிழா நடக்கும். தேதியைத் தெரிவு செய்யும் வசதி இருந்தால் மார்ச்சைத் தெரிவு செய்யுங்கள்: பகல் நீண்டிருக்கும், குளிர் சற்றுத் தணிந்திருக்கும், இரவில் அரோராவும் இருக்கும்.

அரோராவைப் பற்றி இரண்டே விஷயம். கைப்பேசிச் செயலியில் கேபி எண் (பூமியின் காந்தப்புலக் குலைவின் அளவு) குறைவு என்று படுத்துவிடாதீர்கள். யெல்லோநைஃப் அரோரா வளையத்தின் நேர் கீழே இருக்கிறது. ஒன்று, இரண்டு என்றாலே போதும். தடுப்பது மேகம். அக்டோபர், நவம்பரில் ஏரிகள் இன்னும் உறையாமல் வெதுவெதுப்பாக இருக்க, மேலே காற்று குளிர்ந்துவிடும், அதனால் மேகம் போட்டுக்கொண்டே இருக்கும். ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் அல்லது டிசம்பருக்குப் பிறகு என்பதுதான் பாதுகாப்பான கணக்கு. மற்றது கேமரா. லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, ஒளி விழும் நேரம் ஐந்து முதல் பத்து நொடி, கையால் வைத்த ஃபோகஸ். மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், வெளியே இருந்தால் சீக்கிரம் உயிரை விடும். லென்ஸ் பக்கம் மூச்சுவிட்டால் அங்கேயே உறைந்துவிடும். திரும்பி அறைக்குள் நுழைவதற்கு முன், வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அறையின் ஈரம் முழுக்கக் கேமராவுக்குள் படியும்.

உடுப்பு விஷயத்தில் டொரொண்டோவின் ஸ்கார்பரோ குளிருக்கு வாங்கிய கோட்டை நம்ப வேண்டாம். டொரொண்டோவில் மைனஸ் பதினைந்துக்கே முகம் சுளிப்போம். இங்கே ஜனவரி இரவுகளில் மைனஸ் முப்பது சாதாரணம், நாற்பதும் வரும். வாங்குவதைவிட உள்ளூரில் கோட்டு, காற்சட்டை, பூட்ஸ் எல்லாம் சேர்த்து வாடகைக்கு எடுப்பது லாபம். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரவைக்கும். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் ரத்தம் ஓடாமல் விரல்தான் முதலில் உறையும்.

கார் வாடகைக்கு எடுத்தால் முன்பக்கம் ஒரு மின்கம்பி தொங்கும். எஞ்சினைச் சூடாக வைக்க அதை ஹோட்டல் வாகன நிறுத்தத்தில் இருக்கும் பிளக்கில் இரவு முழுக்கச் சொருக வேண்டும். காலையில் பிடுங்காமல் ஓட்டிக் கம்பியை அறுத்துக்கொள்வது புதிதாய் வருகிறவர்கள் வழக்கமாகச் செய்வது. முதல் சில நிமிடம் கார் தடதடக்கும். டயரின் அடிப்பாகம் தட்டையாக உறைந்திருப்பதால் அப்படி. ஓட ஓடச் சரியாகும்.

காரை எடுத்தால் டெட்டா பனிச்சாலையில் ஓட்டாமல் வராதீர்கள். டெட்டா கிராமத்துக்குக் கரைவழி 27 கிலோமீட்டர், உறைந்த விரிகுடாவின் மேல் ஆறரை. வழக்கமாக டிசம்பர் இறுதியிலிருந்து ஏப்ரல் வரை திறந்திருக்கும். நுழையும் இடத்தில் எடை வரம்புப் பலகை இருக்கும், அதுவே சட்டம். பனிக்கட்டி விரிசல்விடும் ஓசை கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை, வெப்பநிலை மாறும்போது அது முனகும். பனியைச் சாலைமேல் விடாமல் வழித்துத் தள்ளுவதற்கும் காரணம் உண்டு: தூவிய பனி கம்பளம் போட்ட கணக்கு, அடியில் கட்டி தடிக்காது. சாலை முடியும் டெட்டா, டெனே மக்களின் கிராமம். நிலத்தின் சொந்தக்காரர்கள் அவர்கள்தான். வேடிக்கை பார்க்க ட்ரோன் விடாதீர்கள்.

இதன் பெரிய அண்ணன் வைரச் சுரங்கங்களுக்குப் போகும் பனிச்சாலை. இங்ரஹாம் சாலை எழுபது கிலோமீட்டரில் டிபிட் ஏரியில் முடியும் இடத்தில் அது தொடங்குகிறது. ஆண்டில் இரண்டு மாதம்தான் ஆயுள், பெரும்பகுதி ஏரிகளின் மேல். அந்த இரண்டு மாதத்தில் சுரங்கங்களுக்கு ஓராண்டுக்கான டீசல் போய்ச் சேர வேண்டும். சுமையேற்றிய லாரிக்கு வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். எடையில் பனிக்கட்டி வளைந்து, அடியில் நீரில் ஒரு அலை லாரிக்கு முன்னால் ஓடும். வேகம் கூடினால் அலை கரையில் மோதித் திரும்பி, கட்டியை உடைத்துவிடும். பயணிகளுக்கு அதில் வேலையில்லை. இங்ரஹாம் சாலையிலேயே ஏறக்குறைய 45ஆம் கிலோமீட்டரில் கேமரன் அருவிக்குப் பாதை பிரிகிறது, ஒருவழி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஊரை விட்டுத் தள்ளினால் கைப்பேசிச் சமிக்ஞை நம்பத்தக்கதல்ல, பெட்ரோல் பங்கும் இல்லை. தொட்டியை நிரப்பிக்கொண்டு, எந்த நேரத்துக்குத் திரும்புவேன் என்று வரவேற்பறையில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஊருக்கு வெளியே விமான நிலையச் சாலையோரம் கம்பத்தின் மேல் பழைய பிரிஸ்டல் சரக்கு விமானம் ஒன்று நிற்கிறது. 1967இல் வட துருவத்தில் சக்கரங்களோடு இறங்கிய முதல் விமானம் அது. பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் டாக்சிக்காரரிடம் இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள், வழியில்தான்.